மேலேயா, கீழேயா

ஹெட்போனை மாட்டியதும் சௌந்தரவல்லி அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே, மாடியிலிருந்து குனிந்துகொண்டு, யாரோ ஒரு ஆள் கத்தியது போலிருந்தது. பார்த்தால் ஆளும் இல்லை, மாடியும் இல்லை. கூரை முழுக்க சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"தலையை அசைக்கக் கூடாதும்மா," என்றாள் ரெஜினா. "அந்தத் தாங்கி மேல தாடையை வச்சுக்குங்க. சத்தம் எங்கேர்ந்து வருதோ, கையை மட்டும் காட்டுங்க."

ரெஜினா இந்த அரசு ஆய்வகத்தில் காதுகளை அளக்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். எரிச்சல்படாமல் பேசுகிறாள், அதுவே அரசாங்கக் கட்டடத்தில் பெரிய விஷயம். காலையில் சௌந்தரவல்லியின் கம்மலைக் கழற்றச் சொல்லி, காதுக்குள்ளே அரிசி மணி போல இரண்டு மைக்குகளை வைத்து, சுற்றிலும் இருந்த ஸ்பீக்கர்களிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் எழுப்பி, அவள் காதை முழுதாக அளந்து எடுத்திருந்தாள்.

கண்ணால் பார்த்த சாட்சியைத்தான் முன்பெல்லாம் கோர்ட்டில் மதிப்பார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிற சாட்சி, தன் காதைக் கொண்டுவந்து காட்டி, சோதனையில் தேற வேண்டும். தேறிவிட்டால் அந்தச் சாட்சியம் கண்ணால் பார்த்ததற்குச் சமம். இதனால் எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று பத்திரிகைகள் பெருமையாக எழுதுகின்றன. தப்பாக உள்ளே போனவர்களைப் பற்றி எழுத யாருக்கும் இன்னும் நேரம் வரவில்லை.

சௌந்தரவல்லியின் சங்கதி இதுதான். கொளத்தூரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடி அவளுடையது. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் பரிதி, கம்பெனியில் இரவு வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் பின்பக்க பால்கனியில் புடவை பிழிந்துகொண்டிருந்தபோது ஒரு ஆண்குரல் உரக்கக் கத்தியது.

"சொல்லித்தான் பாரேன்! யாரு நம்பறாங்கன்னு பாக்கலாம்!"

அடுத்து ஒரு பெண்ணின் அலறல், பிறகு எங்கோ கீழே ஏதோ விழுகிற சத்தம். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மாடிப்படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத் தரைத்தளத்தில் மேகலா கிடந்தது தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற பெண். முதலில் சௌந்தரவல்லி வீடு, அப்புறம் நான்காவது மாடி, கடைசியாக இரண்டாவது மாடி. அன்று சௌந்தரவல்லி வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

நான்காவது மாடியில் டில்லிபாபு. உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர். மோட்டார் போட்டால் கத்துவார், போடாவிட்டாலும் கத்துவார், யாராவது அவர் இடத்தில் வண்டியை நிறுத்தினால் தெருவே கேட்கும். இரண்டாவது மாடியில் நாகேஸ்வர ராவ். பூனை நடந்தால்கூட அவரைவிடச் சத்தம் அதிகம். இரண்டு பேருமே அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருந்தார்கள். பின்பக்கத்தில் குழாய்கள் இறங்குகிற டக்ட் இடைவெளி வழியாக எல்லா மாடிச் சத்தமும் சௌந்தரவல்லியின் பால்கனிக்கு வரும். அப்படி வரும்போது எல்லாக் குரலும் குழாய்க்குள் பேசினது போல ஒரே மாதிரி ஆகிவிடும். அதனால் இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேலேயா, கீழேயா?"

"மேலேர்ந்துதான் சார்," என்றாள் அவள். யோசிக்கக்கூட இல்லை. அன்று சாயங்காலமே டில்லிபாபுவை அழைத்துப் போய்விட்டார்கள். அவர் குடிப்பதை மனைவியிடம் சொல்லிவிடுவேன் என்று மேகலா மிரட்டியிருப்பாள், அதனால்தான் 'சொல்லித்தான் பாரேன்' என்று கத்தியிருக்கிறார் என்று போலீஸே ஒரு கதையும் கட்டிவிட்டது. கச்சிதமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் டில்லிபாபுவின் மனைவி கஸ்தூரி படிக்கட்டில் வழிமறித்தாள். "அக்கா, அவரு வாய்தான் நீளம். கை நீட்ட மாட்டாரு. இத்தினி வருஷத்துல என்னியே ஒரு அடி அடிச்சதில்ல. நல்லா யோசிச்சிச் சொல்லுக்கா," என்று அழுதாள். சௌந்தரவல்லி அவள் கையைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள். ஆனாலும் கேட்டது கேட்டதுதானே, காது பொய் சொல்லுமா என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

காது பொய் சொல்லவில்லை என்றுதான் முதல் சோதனையும் சொன்னது. அவள் வீட்டு டக்ட்டையும் பால்கனியையும் அப்படியே ஹெட்போனுக்குள் கட்டி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு டப்பிங் கலைஞர் அதே வார்த்தைகளைக் கத்தினார். மேலே என்றால் மேலே காட்டினாள், கீழே என்றால் கீழே காட்டினாள். ரெஜினா திருப்தியாகத் தலையாட்டினாள்.

"நல்ல காதும்மா உங்களுக்கு."

"இது எப்படிம்மா? வெறும் ரெண்டு காதுல வச்ச மிஷின், மாடியில நிக்கறான், கீழ நிக்கறான்னு எப்படிக் காட்டுது?"

"நம்ம காது காட்டறதும் அப்படித்தான். வலது பக்கம் சத்தம் வந்தா வலது காதுக்கு ஒரு துளி முன்னாடி கேக்கும், கொஞ்சம் பலமாவும் கேக்கும். கண் சிமிட்டற நேரத்துல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. ஆனா மூளை பிடிச்சிடும். அது இடது, வலதுக்கு. மேல, கீழ, முன்னாடி, பின்னாடிங்கறது வேற. ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துல வருதே, அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் காது மடல்ல இத்தனை மடிப்பு. மேலேர்ந்து வர்ற சத்தம் ஒரு மாதிரி பட்டு உள்ள போகும், கீழேர்ந்து வந்தா வேற மாதிரி. ஒவ்வொருத்தர் மடலும் வேற. உங்க மடலை அளந்து வச்சுக்கிட்டு, அது செய்யற மாற்றத்தை நாங்களே செஞ்சு காதுக்குள்ள விட்டா, மூளை ஏமாந்துடும்."

டீ வந்தது. ரெஜினா அவளுடைய முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி மறுபடி கிளிப் போட்டாள். காலையிலிருந்து நான்காவது தடவை.

"இந்த முடி ஒரு தொல்லை," என்று சிரித்தாள் சௌந்தரவல்லி. "அன்னிக்கு இந்த வம்பே இல்ல. தலைக்குக் குளிச்சிட்டு துண்டைச் சுத்தி முடிஞ்சிருந்தேன்."

ரெஜினாவின் கை நின்றுவிட்டது.

"எந்த அன்னிக்கு?"

"அதான், அந்த வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைன்னா தலைக்குக் குளிக்காம இருப்போமா?"

"என்ன துண்டு? காதை மூடியா கட்டியிருந்தீங்க?"

"தேங்காப்பூ துண்டு. நெத்தியிலேர்ந்து காதை இறுக்கி, பின்னாடி கொண்டுபோய்ச் சொருகினாத்தான் நிக்கும்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலியே."

போலீஸ் ஸ்டேஷனில் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் ஆண்கள். சோதனை விதிகளை எழுதியவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை துண்டு கட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள் என்பது அவர்களுக்கு எங்கே தோன்றப்போகிறது!

ரெஜினா ஆள் அனுப்பிக் கடைத்தெருவிலிருந்து ஒரு தேங்காய்ப்பூத் துண்டு வாங்கி வரச் செய்தாள். தலையை நனைத்து, அன்று கட்டின மாதிரியே கட்டச் சொன்னாள். மறுபடி மைக், மறுபடி கீச்சுக் கீச்சு. பிறகு துண்டை அவிழ்த்துவிட்டு மறுபடி ஹெட்போன், தாங்கி மேல் தாடை; துண்டு மூடின காதின் அளவு இப்போது மிஷினுக்குள் இருந்தது.

இந்த முறையும் குரல் மேலேயிருந்துதான் வந்தது. மேலே காட்டினாள். மறுபடி மேலே. அதற்கடுத்ததும் மேலே. எல்லாமே மேலே இருக்கிறதே என்று அவளுக்கே உறுத்தியது. முடிந்ததும் ரெஜினா திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதுல சரிபாதி கீழேர்ந்து விட்டதும்மா."

"கீழேர்ந்தா? இல்லியே. எனக்கு மேலதான் கேட்டுது. பொய் சொல்லலம்மா நான்."

"பொய்யின்னு சொல்லல. துண்டு மூடினதும் காது மடல் இருந்தும் இல்லாத மாதிரிதான். மேல கீழ தெரியாது. காதுக்குத் தெரியலைன்னா மூளை சும்மா இருக்குமா? தனக்குத் தெரிஞ்சதை வச்சு நிரப்பிடும். உங்க கட்டடத்துல கத்தறவர் யாரு?"

"டில்லிபாபு."

"அவர் எங்க இருக்காரு?"

சௌந்தரவல்லி கையை மேலே காட்டினாள். அந்தக் குரல் மேலேயிருந்து வந்தது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து எத்தனை தடவை அதே வார்த்தைகளைக் கேட்டுவிட்டாள்! மேலேயிருந்து கேட்டதும் ஞாபகம் இருக்கிறது, கீழேயிருந்து கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. இதில் அன்றைய ஞாபகம் எது, இன்றைய மிஷின் எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பிய ஞாபகம், கரைத்த மாவு மாதிரி கலங்கிப் போய்க் கிடந்தது.

"அப்போ ராவ் சாரா?" என்றாள் குழறலாக. "ஐயோ, அவரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரே."

"தெரியாதும்மா. இன்னும் ஒண்ணு பாத்துடறேன். துண்டு கட்டினா மேல கீழ மட்டும் இல்ல, இன்னொரு குழப்பமும் வரும்."

மறுபடி ஹெட்போன். இப்போது குரல் நேர் எதிரே, டக்ட்டுக்குள்ளிருந்து வந்தது. அவள் முன்பக்கம் கையை நீட்டினாள். இரண்டாவது முறையும் எதிரேதான். மூன்றாவது முறையும் எதிரேதான்.

"கடைசி ரெண்டும் உங்க முதுகுக்குப் பின்னாடி விட்டது," என்றாள் ரெஜினா. "முன்னாடி வந்தாலும் பின்னாடி வந்தாலும் ரெண்டு காதுக்கும் ஒரே நேரம்தானே? மடல்தான் பிரிச்சுச் சொல்லணும், அதைத்தான் துண்டு மூடிடுச்சே. சாதாரணமா நாம லேசாத் திரும்பிப் பாப்போம். திரும்பினா உடனே தெரிஞ்சிடும். அன்னிக்குத் திரும்பினீங்களா?"

"இல்ல. புடவையைப் பிழிஞ்சிட்டிருந்தேன். கை வேலையா இருந்துது."

"இந்தத் தாங்கியிலேர்ந்து தலையை எடுங்க. இப்ப விடறேன். தலை திரும்பறதுக்குத் தக்கபடி மிஷினும் சத்தத்தை மாத்திக்கும். கேட்டதும் மெதுவாத் திரும்புங்க."

'சொல்லித்தான் பாரேன்!' என்று எதிரே கத்தியது. சௌந்தரவல்லி தலையைத் திருப்பினாள். அவ்வளவுதான், அந்தக் குரல் எதிரேயிருந்து நழுவி, அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கத்துகிறவன் பின்னாலேயே நின்று கத்திக்கொண்டிருந்தான். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பால்கனியில நிக்கும்போது உங்களுக்குப் பின்னாடி என்ன இருக்கும்மா?"

"சமையல் கட்டு. அப்புறம் ஹால்."

"ஹாலுக்கு அந்தப் பக்கம்?"

"வாசக்கதவு. மாடிப்படி."

ரெஜினா திரையில் எதையோ தேடிப் படித்தாள். "வீட்ல அப்போ வேற யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா, யாரும்..." என்று ஆரம்பித்த சௌந்தரவல்லி அப்படியே நிறுத்தினாள்.

இரவு வேலை பார்க்கிற பிள்ளையைப் பெற்ற தாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரியர்காரன் வந்தாலும், சிலிண்டர் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் 'வீட்ல யாருமில்ல' என்று சொல்லி அனுப்பிவிடுவது. பிள்ளை பகலில் தூங்குகிறான், பாவம், எழுப்பிவிடக் கூடாது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது வாயில் தானாக வரும். அன்று கான்ஸ்டபிள் வாசலில் நின்று கேட்டபோதும் அதே வாய்தான் சொன்னது. பரிதியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவனை அவள் ஒரு ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை.

அலறல் கேட்டு அவள் ஹால் வழியாக ஓடியபோது வாசக்கதவு திறந்து கிடந்தது. மேகலா போகிறபோது எப்போதும் சாத்திவிட்டுத்தான் போவாள். இத்தனை நாள் இது ஒரு விஷயமாகவே அவளுக்குப் படவில்லை. அப்புறம் அந்த வார்த்தைகள். 'சொல்லித்தான் பாரேன், யாரு நம்பறாங்கன்னு பாக்கலாம்.' மேகலா யாரிடம் சொல்லப் போகிறாள்? எந்த வீட்டில் யார் நம்ப மாட்டார்கள்?

இல்லை, இல்லை. பரிதி கத்த மாட்டான். சின்ன வயதில்கூட அவன் அடம்பிடித்து அவள் பார்த்ததில்லை. அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. கத்தினால் அவளுக்குத் தெரியாதா, பெற்றவளுக்கு? ஆனால் கேட்டிருந்தால்தானே தெரியும்.

"ஏம்மா," என்றாள் ரெஜினாவிடம். "அன்னிக்குச் சத்தம் பின்னாடியிருந்துதான் வந்துதுன்னு இந்த மிஷின் நிச்சயமாச் சொல்லுமா?"

"சொல்லாதும்மா. மேலேர்ந்து வந்திருக்கலாம், கீழேர்ந்து வந்திருக்கலாம், பின்னாடியிருந்தும் வந்திருக்கலாம். உங்க காதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. அதைத்தான் நான் எழுதணும்."

அப்பாடா என்று இருந்தது சௌந்தரவல்லிக்கு. நிச்சயம் இல்லை. அப்படியானால் எழுந்து போய்விடலாம். டில்லிபாபுவை விட்டுவிடுவார்கள். கஸ்தூரி அழுவதை நிறுத்துவாள். யாருக்கும் நஷ்டம் இல்லை. மேகலா மட்டும் ஆஸ்பத்திரியில் கிடப்பாள்.

எழுந்திருக்கத்தான் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள். டில்லிபாபு விஷயத்தில் இப்படி ஒரு கேள்வியை அவள் யாரையும் கேட்கவில்லையே! நிச்சயமா, நிச்சயமா என்று ஒரு தடவை தன்னைத்தானேகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னாள். ஊரான் பிள்ளைக்கு ஒரு காது, தன் பிள்ளைக்கு ஒரு காதா? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"எழுதிக்கம்மா," என்றாள். "வீட்ல யாரும் இல்லைன்னு சொன்னது தப்பு. என் பையன் இருந்தான். அவன் ரூம்ல தூங்கிட்டிருந்தான்னுதான் நினைச்சிட்டிருக்கேன். நான் பாக்கல. வாசக்கதவு திறந்திருந்துது."

ரெஜினா அவளையே பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? எழுதினா இன்ஸ்பெக்டருக்குப் போயிடும்."

"யோசிக்காம சொன்னதுனாலதான் இவ்வளவும். எழுதும்மா."

ரெஜினா எழுதினாள். சௌந்தரவல்லி கையெழுத்துப் போட்டாள். துண்டை மடித்துக் கொடுத்தாள். ஈரம் காயாத முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, கம்மலைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள். மனதுக்குள் ஒரே குழப்பம். செய்தது நியாயமா, துரோகமா? ஒருவேளை அவன் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்திருந்தால்? பெற்ற பிள்ளையை ஒரு துண்டை நம்பிக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ?

பரிதி வாசலில் பைக் மேல் சாய்ந்துகொண்டு நின்றான். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று அவளைக் கூட்டிப்போக வந்திருந்தான். அம்மாவுக்குத் தாகமாக இருக்கும் என்று சாத்துக்குடி ஜூஸ் வேறு வாங்கி வைத்திருந்தான்.

"என்னம்மா இவ்வளவு நேரம்? மேலதான்னு முடிஞ்சுதா?"

"இல்லடா. மேலயா கீழயான்னு என் காதால சொல்ல முடியாதாம்."

"சரி, விடு. நம்ம வேலை முடிஞ்சுது. அவங்க பாத்துப்பாங்க. இந்தா, குடி."

அவள் ஜூஸை வாங்கவில்லை. "அன்னிக்கு நீ வீட்ல இருந்தேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். 'ஆமா, தூங்கிட்டிருந்தேன், அதுக்கென்ன இப்போ?' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு கண்ணா என்று உள்ளுக்குள் மன்றாடினாள். சலித்துக்கொள், சிரி, ஏன் என் தூக்கத்தைக் கெடுக்கிறாய் என்று கேள். எதையாவது கேள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

கத்திவிட்டான். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜூஸ் தரையில் சிந்தியது. அவன் அவளுக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவள் காதை எதுவும் மூடியிருக்கவில்லை.

பரிதி கத்தி அவள் கேட்டதே இல்லை என்று நினைத்திருந்தாளே, அது தப்பு. ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அன்று அது யார் குரல் என்று தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது.

"அம்மா, நில்லும்மா. நான் சொல்றதைக் கேளு," என்று அவன் பின்னாலேயே வந்தான். சௌந்தரவல்லி அதற்குள் ஆய்வகத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.